புறம்போக்கில் நின்ற போர்க்கப்பல்

போன மாதம் செங்கல்பட்டு தாலுகா அலுவலகத்திலிருந்து ஓர் இளம் பெண் அலுவலர் போன் செய்தார். பழைய பதிவேடுகளையெல்லாம் ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்களாம். எழுபதுகளின் ஆக்கிரமிப்புப் பதிவேட்டில் ஒரு வரி அவருக்கு விளங்கவில்லை. "ஆக்கிரமிப்பின் தன்மைங்கிற இடத்துல போர்க்கப்பல்னு எழுதியிருக்கு சார். யாராவது விளையாட்டுக்கு எழுதினதா? ஓரத்துல சர்வேயர்னு உங்க கையெழுத்து இருக்கு. ஏத்தவா, விட்டுடவா?"

ஏற்றச் சொன்னேன். அது விளையாட்டில்லை, நிஜமாகவே கப்பல்தான் என்றேன். "அப்போ எழுதிக் கொடுங்க சார், நாங்க எல்லாரும் படிக்கிறோம்" என்றார். எழுதுகிறேன். இதில் நான் பெருமைப்பட ஒன்றும் இல்லை என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நான் சர்வேயராக வேலைக்குச் சேர்ந்தபோது வயது இருபத்து மூன்று. பயிற்சி என்ற பெயரில் ஒரு வருடம் வெயிலில் சங்கிலி இழுத்தேன். அறுபத்தாறு அடிச் சங்கிலியை முறுக்கில்லாமல் விரிப்பது, முளை அடிப்பது, அளவுப் புத்தகத்தில் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவது, இவ்வளவுதான் கற்றுக்கொண்டது. ஒன்று மட்டும் பயிற்சிக்கு முன்பே இருந்தது. எதைக் கண்டாலும் அளந்து பார்க்க வேண்டும் என்ற அரிப்பு. கல்யாண வீட்டுக்குப் போனால் பந்தலின் நீளத்தை மனதுக்குள் கணக்குப் போடுவேன். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்போது எங்கள் தாசில்தார் கோதண்டபாணி. ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசமாட்டார். மேசையில் நான்கு சிவப்புப் பென்சில்கள் ஒரே நீளத்தில் இருக்கும். ஒரு கோப்பு அவருக்குப் பிடிக்கவில்லை என்றால் ஓரத்தில் 'பேசவும்' என்று ஒரே வார்த்தை எழுதி அனுப்பிவிடுவார். அந்த வார்த்தையைப் பார்த்தாலே குமாஸ்தாக்கள் கோப்பை மறுபடி முதலிலிருந்து படிக்க ஆரம்பித்துவிடுவார்கள். உள்ளே போனால் திட்டமாட்டார். கேள்வி கேட்பார். நாம் பதில் சொல்லச் சொல்ல நம் தப்பு நமக்கே தெரிந்துவிடும். அவர் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டு பென்சில் சீவுவார். திட்டியிருந்தால் தேவலை என்று தோன்றும்.

கப்பல் வந்தது ஒரு கார்த்திகை மாதப் புயலில். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கல்பாக்கத்துக்கு லாரிகள் போய்க்கொண்டிருந்த சாலையிலிருந்து சவுக்குத் தோப்பு வழியாக ஒரு மைல் நடந்தால் ஒரு குப்பம். அறுபது வீடு இருக்கும். பெயர் வேண்டாம். புயல் அடங்கிய காலையில் குப்பத்துக்காரர்கள் வந்து பார்த்தால், கரையிலிருந்து முந்நூற்றைம்பது அடி தூரத்தில் ஒரு சாம்பல் நிறப் போர்க்கப்பல், மூக்கைக் கரைப் பக்கம் திருப்பிக்கொண்டு நிற்கிறது.

அது தல்மீரா என்ற சின்ன நாட்டின் கடற்படைக் கப்பல். அந்தக் கடற்படைக்கு இருந்ததே அந்த ஒரு போர்க்கப்பல்தான் என்பது பிறகு தெரிந்தது. வயதாகிப்போய், பீரங்கிகளைக் கழற்றிவிட்டு, உடைப்பதற்காக விற்றிருக்கிறார்கள். இழுவைக் கப்பல் ஒன்று அதைக் கட்டி இழுத்துக்கொண்டு போகும்போது புயலில் கயிறு அறுந்துவிட்டது. மேலே இருந்த நான்கு ஆட்களை இழுவைக் கப்பல் ஏற்றிக்கொண்டு போய்விட்டது. கப்பலை மட்டும் விட்டுவிட்டார்கள். விலைக்கு வாங்கிய கம்பெனிக்குக் கடிதம் போட்டால், அப்படி யாரும் இந்த விலாசத்தில் இல்லை என்று திரும்பி வந்தது.

குப்பத்தின் நாட்டார் கன்னியப்பன். ஊர்ப் பஞ்சாயத்தில் அவர் சொல்தான் கடைசி. முதல் நாள் நான் வேடிக்கை பார்க்கப் போனபோது மணலில் உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா சார், கப்பலப் பாக்க வந்தியா? மாமியாக்காரி மாரி வந்து குந்திகினு கீது. சோறு போட்டாலும் போவாது, போடாங்காட்டியும் போவாது."

அன்றிலிருந்து அந்தக் கப்பலுக்குக் குப்பத்தில் 'மாமியா' என்றே பெயர்.

வேடிக்கை ஒரு மாதம்தான். பிறகுதான் பிரச்சினை ஆரம்பித்தது. கடலில் மணல் சும்மா இருப்பதில்லை. வருடத்தில் பாதி தெற்கே நகரும், பாதி வடக்கே நகரும். நடுவில் பெரிதாக ஒன்று நின்றால் அதன் மறைவில் மணல் தங்கிவிடும். தை முடிவதற்குள் கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் ஒரு மணல் திட்டு தலைகாட்ட ஆரம்பித்தது. மாசி பிறந்து காற்று தெற்கிலிருந்து திரும்பியதும் வடக்கே போக வேண்டிய மணலெல்லாம் திட்டில் நின்றுகொண்டது. அதனால் திட்டுக்கு வடக்கே இருந்த கரையைக் கடல் தின்னத் தொடங்கியது.

வடக்குக் கோடி வீடு பூங்காவனத்தம்மாவுடையது. கணவர் இல்லை. பன்னிரண்டு வருடம் கருவாடு போட்டு விற்று, குப்பத்திலேயே முதன்முதலாகச் செங்கல் சுவரும் ஓட்டுக் கூரையுமாகக் கட்டிய வீடு. அந்த வீடு போனால் அந்தம்மாவுக்கு வேறொன்றும் இல்லை. நான் போகும்போதெல்லாம் வாசற்கால் அருகில் நின்றுகொண்டு கேட்பார்.

"சங்கிலி சாரு, எம்மா தூரம் கீது?"

வாசற்காலிலிருந்து அலை தொடும் இடம் வரை சங்கிலி போட்டுச் சொல்வேன். முதல் தடவை தொண்ணூற்றிரண்டு அடி.

இந்த ஒரு கப்பலை எடுக்க யாருக்கு அதிகாரம் என்பதில்தான் சர்க்காரே மாட்டிக்கொண்டது. போலீஸ்காரர்கள் குற்றமே நடக்கவில்லையே என்றார்கள். சுங்கக்காரர்கள் சரக்கு ஏதாவது இறங்கினால் சொல்லுங்கள் என்றார்கள். துறைமுக அலுவலகத்தில் மட்டும், தண்ணீரில் நிற்கும் கப்பல் எங்கள் பொறுப்புத்தான், பங்குனிப் பௌர்ணமிக்குக் கடல் ஏறும்போது இழுவைக் கப்பல் அனுப்பிப் பார்க்கிறோம் என்று எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதம் எங்கள் அலுவலகத்தில்தான் இருந்தது. வேறொரு குமாஸ்தாவின் கோப்பில் இருந்தது. நான் பார்க்கவில்லை. பார்த்திருக்க வேண்டும்.

மாசி அமாவாசை அன்று நான் குப்பத்துக்குப் போனேன். யாரும் போகச் சொல்லவில்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் தண்ணீர் மற்ற நாளைவிட அதிகமாக ஏறும், அதிகமாக வடியும். நன்றாக வடிந்திருந்தது. மணல் திட்டு கரையிலிருந்து நேராகக் கப்பலின் மூக்கு வரை போட்ட பாலமாகக் கிடந்தது. எனக்குக் கை துறுதுறுத்தது. கிராம வரைபடத்தை விரித்து, எல்லைக் கல்லிலிருந்து சங்கிலி போட்டேன். முந்நூற்று நாற்பத்தோரு அடி, கால் நனையாமல். கப்பலின் மூக்கு காய்ந்த மணலில் பதிந்திருந்தது. கடல் ஒதுக்கிய மணல் சர்க்கார் நிலம். சர்க்கார் நிலத்தில் அனுமதி இல்லாமல் எது இருந்தாலும் அது ஆக்கிரமிப்பு. அப்படியானால் இந்தப் போர்க்கப்பல் புறம்போக்கை ஆக்கிரமித்திருக்கிறது!

இதைக் கண்டுபிடித்தபோது எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்ல வேண்டும். அத்தனை அலுவலகமும் தலையைச் சொறிந்துகொண்டிருந்த கேள்விக்கு ஒரு சங்கிலியை வைத்து நான் பதில் கண்டுவிட்டேன். ஆக்கிரமிப்பை அகற்றும் அதிகாரம் தாசில்தாருக்கு உண்டு. குப்பம் பிழைத்தது. இப்படித்தான் நினைத்தேன்.

ஆக்கிரமிப்புக்கு முதலில் பி மெமோ எழுத வேண்டும். அது கிராமக் கர்ணத்தின் வேலை. கர்ணம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படிவத்தைப் பார்த்தார்.

"ஆக்கிரமிப்பாளர் பேரு?"

"கப்பல் பேரை எழுதுங்க."

"தகப்பனார் பேரு?"

"கப்பலுக்கு ஏதுங்க தகப்பனார்?"

"கட்டத்தைக் காலியா வுட்டா மேல திருப்பி அனுப்புவாங்க தம்பி. எத்தினி வருஷமா அனுபவம், அதுக்கு முன்னால எங்க இருந்தாரு, எல்லாம் கேட்டிருக்கு பாரு."

கேலி செய்யாமல்தான் சொன்னார். அவருக்குப் படிவம்தான் வேதம். அதனால் மறுநாள் கன்னியப்பனின் கட்டுமரத்தில் போய், கயிற்றேணி போட்டு, கப்பலில் ஏறினேன். படிவத்தை நிரப்பத்தான் ஏறினேன் என்று அலுவலகத்தில் சொன்னேன். உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் மூன்று மாதமாக எனக்குச் சரியாகச் சாப்பாடு இறங்கவில்லை என்பதுதான் உண்மை.

பேனாக்கத்தியால் ஒரு கதவில் பெயின்ட்டைச் சுரண்டினேன். மேலே சாம்பல். அதற்குக் கீழே மஞ்சள். அதற்குக் கீழே வெள்ளை. அதற்கும் கீழே மறுபடி சாம்பல். முகப்பில் பெயர் எழுத்துகளை இரண்டு தடவை ராவி எடுத்து இரண்டு தடவை புதிதாகப் பற்றவைத்த தழும்பு இருந்தது. இரண்டாம் தளத்தில் ஒரு நீண்ட அறை. இரண்டு பக்கமும் பீங்கான் தொட்டிகள், முகம் கழுவுவதற்கு. என் தொடை உயரம்கூட இல்லை. நாற்பது எண்ணினேன்.

"அந்தூரு சிப்பாய்ங்க இவ்ளோ குள்ளமா கீறாங்களா?" என்று கன்னியப்பன் கேட்டார்.

எனக்கும் அதுதான் புரியவில்லை. கப்பல் கேப்டனின் அறையில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. தல்மீராவின் கடற்படை ஆவண அலுவலகம் என்று ஆங்கிலத்தில் விலாசம் போட்டிருந்தது. அதை அப்படியே எழுதிக்கொண்டு வந்து, தகப்பனார் இடத்தில் எழுதச் சொல்லிக் கர்ணத்திடம் கொடுத்தேன். அவருக்கு அது போதுமானதாக இருந்தது. ஆக்கிரமிப்பின் தன்மை: போர்க்கப்பல். ஆட்சேபகரமானதா: ஆம்.

தாசில்தார் அந்த மெமோவைப் பார்த்து முதன்முறையாகச் சிரித்ததை நான் பார்த்தேன். பல் தெரியவில்லை, ஆனால் சிரிப்புத்தான். கையெழுத்துப் போட்டார். நோட்டீசின் ஒரு பிரதியைத் தல்மீராவுக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினோம். இன்னொன்றை ஆக்கிரமிப்பின் மேலேயே ஒட்ட வேண்டும் என்பது விதி. கஞ்சிப் பசை உப்புக்காற்றில் நிற்கவில்லை. படகுக்குப் பூசும் கீலைக் காய்ச்சி எடுத்துவந்து கன்னியப்பன்தான் ஒட்டினார். சாட்சிக் கையெழுத்தும் அவரே போட்டார். நோட்டீசின் நகல் ஒன்று விதிப்படி துறைமுக அலுவலகத்துக்கும் போனது.

பங்குனிப் பௌர்ணமிக்கு இழுவைக் கப்பல் வரவில்லை.

சித்திரை முதல் வாரத்தில் துறைமுக அலுவலகத்துப் பதில் வந்தது. நான்கே வரி. தாலுகா சர்வேயரின் அளவுப்படி மேற்படி கப்பல் நிலத்தில் இருப்பதாகத் தெரியவருவதால் இந்த அலுவலகத்துக்கு இதில் அதிகாரம் இல்லை, இழுவைக் கப்பல் ஏற்பாடு ரத்து செய்யப்பட்டது. அதன் ஓரத்தில் சிவப்புப் பென்சிலில், 'பேசவும்'.

உள்ளே போய் நின்றேன்.

"அளவு சரியா?"

"சரி சார். ஒரு அடிகூடத் தப்பில்லை."

"எப்ப அளந்தீங்க?"

"அமாவாசை சார். தண்ணி நல்லா வடிஞ்சப்போ."

"ஏன் அப்போ?"

"அப்போதான் சார் மணல் முழுசா தெரியும்."

"மணல் முழுசா தெரியணும்னு உங்களை யார் கேட்டது?"

அவர் பென்சிலைச் சீவத் தொடங்கினார். கடைசியில், "எனக்குப் பார்க்கணும்னு இருந்தது சார்" என்றேன். அதுதான் உண்மை.

"கிராம எல்லை எதுவரைக்கும்?"

"தண்ணி அதிகமா ஏறுற கோடு வரைக்கும்."

சொல்லிவிட்டு அப்படியே நின்றேன். பயிற்சியின் முதல் மாதத்தில் சொல்லிக் கொடுத்தது. தண்ணீர் ஏறும்போது எங்கே நிற்கிறதோ அங்கேதான் நிலம் முடிகிறது. நான் வடிந்தபோது அளந்திருந்தேன். சங்கிலி பொய் சொல்லவில்லை, நான்தான் தப்பான நேரத்தில் கேள்வி கேட்டிருந்தேன்.

"நானும் கேட்காமத்தானே கையெழுத்துப் போட்டேன்" என்றார் அவர். "அளவைத் தப்புன்னு எழுதாதீங்க. அந்த நேரத்துக்கு அது சரி. இன்னொரு தடவை அளங்க, தண்ணி ஏறினப்போ. ரெண்டையும் சேர்த்து அனுப்பலாம். உங்க மேல விளக்கம் கேட்டு மெமோ வரும். என் மேலயும் வரும்."

சித்திரா பௌர்ணமி அன்று, ஊரெல்லாம் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கூடியிருக்க, நான் கழுத்தளவு தண்ணீரில் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திட்டின் மேல் நாலரை அடி தண்ணீர். கட்டுமரத்தில் இருந்த கன்னியப்பன் சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "மாசில தரைன்ன, சித்திரைல கடலுன்ற. இன்னா சார் உங்க சர்க்காரு?" என்றார். நான் சிரித்து மழுப்பினேன். காரணத்தைச் சொல்லவில்லை.

அறிக்கை கலெக்டர் அலுவலகத்துக்குப் போனது. அங்கிருந்து சென்னைக்குப் போனது. ஒரு கப்பலை நிலம் என்று பதிவதற்கு எனக்கு ஒரு காலைப்பொழுது போதுமாயிருந்தது. அதைக் கடல் என்று மாற்ற நான்கு அலுவலகங்கள் வேண்டியிருந்தன. ஒவ்வொரு வாரமும் நான் பூங்காவனத்தம்மாவின் வாசற்காலிலிருந்து அளந்தேன். எழுபத்தொன்று. ஐம்பது. முப்பத்து மூன்று. அந்தம்மா ஒவ்வொரு தடவையும் அளவைக் கேட்டுவிட்டு, "நீ பாத்துக்குவ சார்" என்பார். எனக்குச் சங்கிலியைச் சுருட்டக்கூடக் கை வராது.

ஆனி மாதம் துறைமுக அலுவலகத்தார் ஒப்புக்கொண்டு ஒரு நிபுணரை அனுப்பினார்கள். அவர் பார்த்துவிட்டு, மூக்கு மணலில் இறுகிவிட்டது, இனி இழுத்தால் வராது, இங்கேயே வைத்து உடைப்பதுதான் வழி, இரண்டு மூன்று வருடம் ஆகலாம் என்றார். அந்த வாரம் அளவு பத்தொன்பது அடி.

அடுத்த திங்கட்கிழமை வெளிநாட்டுத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று மேசையில் கிடந்தது. தல்மீராவிலிருந்து வந்த பதில். எங்கள் பி மெமோவைச் சீரியஸாக எடுத்துக்கொண்டு, முன் அனுபவம் என்ற கட்டத்துக்குப் பதில் சொல்வதற்காக, அந்தக் கப்பலின் சேவை வரலாற்றை நான்கு பக்கம் ஆங்கிலத்தில் டைப் அடித்து அனுப்பியிருந்தார் அங்கிருந்த ஆவண அலுவலர் ஒருவர். நான் நின்றபடியே படித்தேன்.

கப்பலைக் கட்டச் சொன்னது ஒரு அரசர். தன் மனைவி பெயரை வைத்தார், அரசி மெலிந்தா. எந்த எதிரியும் அந்த நாட்டைப் பொருட்படுத்தாததால் அது எந்தப் போருக்கும் போகவில்லை. ஒரு புரட்சியில் ஒரே ஒரு முறை கோபத்தோடு பீரங்கி சுட்டது. குறி அரண்மனைக்கு, குண்டு அரண்மனையைத் தாண்டிப் போய் ஒரு மலையில் விழுந்தது. இருந்தாலும் அரசர் ஓடிவிட்டார். கப்பலின் பெயர் 'குடியரசு' ஆனது. பிறகு வெள்ளை பெயின்ட் அடித்து அதைக் கப்பற்படை வீரர்களின் அநாதைக் குழந்தைகளுக்குப் பள்ளிக்கூடமாக ஆக்கினார்கள். பதினெட்டு வருடம் பள்ளிக்கூடம். அந்த நாற்பது குட்டைத் தொட்டிகள் அதற்குத்தான். கொள்ளைக்காய்ச்சல் வந்தபோது மஞ்சள் அடித்து நோயாளிகளை வைத்தார்கள். கடைசியில் ஒரு தளபதி ஆட்சிக்கு வந்து, தன் பெயரை அதற்கு வைத்து, மறுபடி சாம்பல் அடித்து, தன் தோட்டத்துக்கு எதிரே நிறுத்தி வைத்துக்கொண்டார்.

மூன்றாம் பக்கத்தில் ஒரு பத்தி. ஒருமுறை தங்கள் நாட்டு ஆற்று முகத்திலேயே இந்தக் கப்பல் மணலில் ஏறிப் பதினான்கு மாதம் நின்றதாம். மாவட்ட அலுவலகத்தார் அதை ஒரு கட்டடம் என்று பதிவு செய்துவிட்டார்களாம். அங்கேயும் ஒரு சர்வேயர் இருந்திருக்கிறான் என்று எனக்குத் தோன்றியது. கப்பலை மீட்டது எப்படி என்றும் எழுதியிருந்தது. மூக்குப் பக்கம் அடித்தளத்தில் இரண்டு பெரிய தண்ணீர்த் தொட்டிகள் உண்டு. பீரங்கியைக் கழற்றினால் சமநிலைக்காக அவற்றில் தண்ணீர் நிரப்பிவிடுவார்கள். அதை இறைத்துவிட்டால் மூக்கு தானே எழும்பும். பௌர்ணமியில் பின்பக்கமாக இழுத்தால் வந்துவிடும். பக்கத்தின் அடியில் கையால் ஒரு வரி: 'தயவுசெய்து முன்பக்கமாக இழுக்காதீர்கள், அவளுக்குப் பிடிக்காது.'

கோப்பாகக் கட்டி அனுப்பாமல் தாசில்தார் அந்தக் கடிதத்தைத் தாமே கையில் எடுத்துக்கொண்டு சென்னைக்குப் பஸ் ஏறினார். அவர் அப்படிச் செய்ததை அதற்கு முன்னும் பின்னும் நான் கேள்விப்படவில்லை. ஆடிப் பௌர்ணமிக்கு இழுவைக் கப்பல், தண்ணீர் இறைக்கும் இயந்திரம் இரண்டுக்கும் உத்தரவு வாங்கிக்கொண்டுதான் திரும்பினார்.

பௌர்ணமிக்குப் பதினொரு நாள் இருந்தது. அன்றைய அளவு நாலு அடி.

அடுத்த நாள் காலை நான் போனபோது, பூங்காவனத்தம்மா கூரை மேல் உட்கார்ந்து ஓடுகளை ஒவ்வொன்றாகப் பெயர்த்துக்கொண்டிருந்தார். கீழே குப்பமே வரிசையாக நின்று கைமாற்றிக் கைமாற்றித் தோப்புக்குக் கொண்டுபோனது. அழவில்லை. கப்பலைப் பார்த்து வைதுகொண்டே வேலை செய்தார். "வந்தது வந்த, தெக்கால நாலு காதம் தள்ளிப் போயி குந்தினா இன்னாடி உனுக்கு? எவ வூட்டயாவது துண்ணணும்னே கெளம்பி வந்தியா?" ஓடு முடிந்ததும் வாசற்காலைக் கழற்றினார்கள். "சங்கிலி சாரு, இந்தப் பக்கம் புடி" என்றார். பிடித்தேன். எங்கள் பின்னாலேயே கடல் தொம்மென்று சுவரில் மோதியது. மத்தியானத்துக்குள் கிழக்குச் சுவர் உட்கார்ந்துவிட்டது. மற்ற மூன்று சுவரும் மறுநாள் போயின.

எட்டு நாள் கழித்து இழுவைக் கப்பல் வந்தது. இரண்டு நாள் தண்ணீர் இறைத்தார்கள். கடிதத்தில் இருந்தபடியே மூக்கு மெல்ல எழும்பியது. பின்பக்கமாக இழுத்ததும் ஒரு பெரிய முனகலோடு மணலை விட்டு நகர்ந்தது. குப்பம் தேங்காய் உடைத்துச் சூடம் கொளுத்தியது. கன்னியப்பன் என் தோளைப் பிடித்துக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி, "சங்கிலி சாரு இல்லாங்காட்டி மாமியா போயிருப்பாளா? கடுதாசி போட்டு, கழுத்து வரிக்கும் தண்ணில நின்னு, அனுப்பிச்சாருய்யா!" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். ஒரு நிமிடம் நானும் அப்படித்தான் போல என்று நம்பிவிட்டேன். அந்த ஒரு நிமிடத்தை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த வாரம் பூங்காவனத்தம்மா திருக்கழுக்குன்றம் வழியாக இரண்டு பஸ் மாறிச் செங்கல்பட்டுக்கு வந்தார். தாலுகா அலுவலக வேப்பமரத்தடியில் என்னைக் கூப்பிட்டு, கூடையிலிருந்து ஒரு முழு வஞ்சிரத்தை எடுத்து என் கையில் வைத்தார். என் கை நீளத்துக்கு மேல் இருந்தது.

"காலைல ஏறினது. வூட்ல கொழம்பு வெச்சித் துண்ணு. ஊருக்கு நல்லது பண்ண."

மீனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போய்விட்டிருக்கலாம். அந்தம்மாவுக்குத் துறைமுக அலுவலகத்துக் கடிதம் பற்றித் தெரிய எந்த வழியும் இல்லை. ஆனால் அந்த மீன் கனத்தது.

"அம்மா, கப்பல் பங்குனிலயே போயிருக்கும். இழுவைக் கப்பல் வரதா இருந்தது. நான் வேண்டாத வேலையா தப்பான நேரத்துல அளந்து, அது தரைமேல நிக்குதுன்னு எழுதிட்டேன். அதனாலதான் வரலை."

அவருக்கு உடனே புரியவில்லை. மறுபடியும் சொல்லச் சொன்னார். சொன்னேன். பிறகு விரலை மடக்கி எண்ணினார். பங்குனி, சித்திரை, வைகாசி, ஆனி, ஆடி.

"பங்குனில எம்மா தூரம் இருந்துச்சி, என் வாசல்லேர்ந்து?"

"எழுபது அடிக்கு மேல இருந்ததும்மா."

"அப்ப வூடு நின்னிருக்கும்."

"நின்னிருக்கும்."

"உன்னிய ஆரு அளக்கச் சொன்னது?"

"யாரும் சொல்லலை. எனக்குப் பார்க்கணும்னு இருந்தது."

என்னை மேலும் கீழும் பார்த்தார். எனக்கு அப்போது இருபத்தாறு வயது. அழுகை வந்துவிடுமோ என்று பயந்துகொண்டிருந்தேன்.

"இத்த நீ சொல்லாங்காட்டி எனக்குத் தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்காதும்மா."

"ம்." கையை நீட்டினார். "மீனக் குடு."

கொடுத்தேன். வாங்கிக் கூடையில் போட்டு, மேலே ஈரத்துணியை மூடி, தலையில் ஏற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. அந்த வருடம் எனக்கு வந்த மெமோவுக்குப் பக்கம் பக்கமாக விளக்கம் எழுதினேன். அதற்குப் பிறகும் முப்பது வருட வேலையில் என்னென்னவோ உத்தரவுகள் என் மேல் வந்தன. மேல்முறையீடு செய்யலாமா என்று நான் யோசித்துக்கூடப் பார்க்காதது, பூங்காவனத்தம்மா அந்த மீனைத் திருப்பி வாங்கிக்கொண்டது ஒன்றுதான்.